மணிக்கு ஆறு ஊசி

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. 'இதிலென்ன அதிசயம், தெருவுக்கு நாலு மணி இருக்குமே' என்பீர்கள். அதிசயம் இருக்கிறது. காலமான என் தகப்பனாரின் பெயர் சுப்பிரமணிய பிள்ளை. ஊரில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் 'மணியண்ணாச்சி'!

2011ல் ஒரு நாள் என் மகன் (அப்போது அவனுக்கு ஆறு வயது) பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பைக்குள் புத்தகத்தோடு ஒரு நாய்க்குட்டியையும் வைத்துக் கொண்டுவந்தான். வாசலில் நின்று, "மணி, இதுதான் நம்ம வீடு" என்று அதற்கு அறிமுகம் வேறு நடந்துகொண்டிருந்தது. பெயர் வைத்தாகிவிட்டது. இனி யார் மாற்றுவது?

அம்மைக்குத் (எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் சொல்வோம்) தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியும் புருஷன் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னவள் இல்லை. "மணி என்ன?" என்று கேட்கமாட்டாள். "நேரம் எத்தரையாச்சு?" என்பாள். பூஜைக்கு மணி அடிக்க வேண்டுமென்றால், "அந்த ஆட்டுகதை எடுத்து ஆட்டு" என்பாள். அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு நாய் இந்தப் பெயரோடு வந்து இறங்கினால்?

"நாயை விளிக்கதுக்கு உனக்கு வேற பேரு கிட்டலியா மக்கா?" என்று பேரனிடம் கேட்டாள். பேரன் அழுதான். பெயர் நிலைத்தது.

பதிலுக்கு அம்மை இரண்டு சட்டம் போட்டாள். ஒன்று, அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லமாட்டாள். இரண்டு, நாய் படிப்புரை தாண்டி வீட்டுக்குள் வரக்கூடாது. ஆறு வருஷம் இரண்டு சட்டமும் பிசகாமல் நடந்தன. அம்மைக்கு மணி, 'வாசல்காரன்'. "வாசல்காரனுக்குக் கஞ்சி ஊத்தியாச்சா?" "வாசல்காரன் ஏன் கெடந்து குரைக்கான்?" இப்படித்தான் பேச்சு. மணியும் லேசுப்பட்டவனில்லை. படிப்புரையில் தலையை வைத்துக்கொண்டு, உடம்பை வெளியே போட்டுத் தூங்குவான். சட்டம் தலைக்கு இல்லை, காலுக்குத்தான் என்பது அவன் வாதம்.

எங்களுக்குப் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் வயல், வாழை, தென்னை. கிழக்கே மலை. நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறவன். வட்டி, அசல், தவணை இவைதான் என் உலகம். நாய்க்கு வரும் நோய்களைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே: வெறி, சொறி.

2017 அக்டோபரில் மூன்றாவதாக ஒன்று தெரியவந்தது.

மணி படுத்து எழுந்த இடத்தில் சொட்டுச் சொட்டாய் ரத்தம். காலில் முள்ளோ என்று பார்த்தால் இல்லை. குனிந்து பார்த்தபோது, குடும்பப் பத்திரிகையில் எழுதக் கூச்சமான இடத்தில் ஒரு கட்டி. காலிஃபிளவரைக் கிள்ளி ஒட்டவைத்ததுபோல் சிவப்பாக. முதலில் பார்த்த ஒருவர், புண் என்று சொல்லிப் பவுடர் தந்தார். இரண்டு வாரம் பவுடர் போட்டேன். கட்டி கோழிமுட்டை அளவுக்கு வளர்ந்ததுதான் மிச்சம்.

தெருவில் சேதி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்தார். எங்கள் தெருவில் எதற்கும் முதலில் தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். முற்றத்தில் நின்று மணியைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த வெற்றிலையை ஓரம்கட்டினார்.

"எடே, இது புத்தாக்கும். பொழைக்காது. சவத்தைப் போட்டுக் கஷ்டப்படுத்தாத. ஒரு ஊசியிலே முடிச்சிரு. புண்ணியமாப் போவும்."

மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் அறிந்தவரையில் அதுதான் கருணை. ஆனால் 'ஒரு ஊசி' என்ற வார்த்தை அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. ஒருவனுக்கு என்ன நோய் என்றே தெரியாமல் அவன் கணக்கை முடிக்கலாமா? சங்கத்தில் வராக்கடனைத் தள்ளுபடி செய்யக்கூட மூன்று நோட்டீஸ் அனுப்பவேண்டும்!

மறுநாள் ஆட்டோ பிடித்தேன். மூன்று ஆட்டோக்காரர்கள் மணியைப் பார்த்ததும், "கேஸ் தீந்துபோச்சு அண்ணாச்சி" என்றார்கள். நாலாவது ஆள் நல்லவர். "சாக்கு விரிச்சுக்கிடும். நாய்க்கு அரை டிக்கெட்டுதான்" என்று சிரித்துக்கொண்டே ஏற்றினார். (இறங்கும்போது முழு டிக்கெட்டு வாங்கினார் என்பது வேறு விஷயம்.)

நாகர்கோவிலில் அந்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கட்டியைப் பார்த்தார். ஒரு கண்ணாடிச் சில்லை அதன்மேல் ஒத்தி எடுத்தார். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கவலை இல்லை. எனக்கு அதுவே பாதி உயிர் வந்தமாதிரி.

"ஸார், இது டி.வி.டி."

டி.வி.டி. என்றால் எனக்குத் தெரிந்தது படம் பார்க்கிற தட்டு ஒன்றுதான். 'ட்ரான்ஸ்மிஸிபிள் வெனீரியல் ட்யூமர்' என்று விரித்துச் சொன்னார். ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றுகிற புற்றுநோய். பெரும்பாலும் இனச்சேர்க்கையில் ஒட்டும். முகர்வதாலும் நக்குவதாலும்கூட ஒட்டுவதுண்டு, அப்போது மூக்கிலோ வாயிலோ வளரும். மனிதருக்கு வராது.

சாதாரணமாகப் புற்றுநோய் தொற்றுவதில்லை. அவரவர் உடம்பின் செல் கெட்டு அவரவருக்கு வருவது அது. இது அப்படியல்ல. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் எங்கோ ஒரே ஒரு நாய்க்கு வந்த கட்டி. அந்த நாய் செத்து மண்ணாகிவிட்டது. அதன் கட்டியிலிருந்த செல்கள் மட்டும் நாய் விட்டு நாய் தாவி, கண்டம் விட்டுக் கண்டம் தாவி, இன்றைக்கும் உயிரோடிருக்கின்றன. எங்கள் மணிக்கு வளர்ந்த கட்டி மணியின் உடம்பே இல்லை. வேறொரு ஆதிகாலத்து நாயின் மிச்சம்! ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் 'டெவில்' என்றொரு பிராணி இருக்கிறது. அதற்கும் இப்படி ஒன்று, முகத்தில் கடிப்பதால் தொற்றுகிறதாம். அந்தப் பிராணியின் இனமே அதனால் தத்தளிக்கிறது.

"ஆனா இதுக்கு நல்ல மருந்து இருக்கு ஸார். வாரம் ஒரு ஊசி. ஆறு வாரம். முக்கால்வாசிக்கும் மேலே குணமாயிரும்" என்றார் டாக்டரம்மா.

ஒரு ஊசியா, ஆறு ஊசியா? எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. "ஆறும் போடுங்கம்மா" என்றேன்.

மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். "எதிலேருந்து எடுக்காங்க தெரியுமா? நித்யகல்யாணிச் செடியிலேருந்து" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நித்யகல்யாணியை எங்கள் பக்கம் சுடுகாட்டுப்பூ என்பார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் தோவாளைப் பூச்சந்தை. மல்லி, பிச்சி, அரளி, ரோஜா, வாடாமல்லி என்று மலைபோல் குவியும். அங்கே ஒரு நாளும் நித்யகல்யாணியை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் அது தானாக முளைத்தால் அம்மை வேரோடு பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசுவாள்.

பிறகு அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். அந்தச் செடிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். நித்யகல்யாணி இலை சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று பல நாடுகளில் ஒரு நம்பிக்கை. 1952ல் ஜமைக்காவிலிருந்து அந்த இலை கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின. வெள்ளை அணுக்களைக் குறைக்குமென்றால், அவை கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு ஆகுமே என்று ஆராய்ச்சி திரும்பியது. அவரும் சார்லஸ் பியரும் பிரித்தெடுத்தது வின்பிளாஸ்டின். அதன் தம்பி வின்கிரிஸ்டின் அமெரிக்கக் கம்பெனியொன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் கிடைத்து, 1963ல் அந்நாட்டில் அனுமதி பெற்றது. டன் கணக்கில் காய்ந்த இலை போட்டால் கிராம் கணக்கில்தான் மருந்து தேறும். நம் தென்மாவட்டங்களின் கரிசல் காட்டில் இந்தச் செடியைப் பயிர் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். (வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 'அப்படியா!' என்று யாரும் இலையைப் பறித்து மென்றுவிட வேண்டாம். அது விஷமும்கூட.)

மருந்து வாங்க வடசேரிப் பக்கம் ஒரு மெடிக்கல் ஸ்டோருக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். மருந்தின் பெயரைப் படித்ததும் அவர் குரல் தணிந்தது.

"பேஷண்ட் பேரு?"

"மணி."

"வயசு?"

"ஆறு."

மனிதர் அப்படியே நிமிர்ந்தார். "ஆறு வயசா... சின்னப் பிள்ளையில்லியா? அண்ணாச்சி, மனசை விட்டுராதியும். எனக்க அக்கா மவளுக்கும் இதே மருந்துதான் போட்டாவ. ரத்தத்திலே புத்து. இப்பம் பிளஸ் டூ படிக்கா. நல்லா இருக்கா."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என்ன சொல்வது? குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் சொல்லவும் மனமில்லை.

"அது... எங்க வீட்டு நாய்க்கு."

ஒரு நிமிஷம் அவர் ஒன்றும் பேசவில்லை. 'இதுக்கா இவ்வளவு நேரம் ஆறுதல் சொன்னேன்' என்று திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். மருந்துக் குப்பியை உறையில் போட்டு, சீட்டைத் திருப்பித் தந்தார்.

"நாய்க்கும் வலிக்கத்தானே செய்யும்" என்றார்.

நவம்பர் 4, சனிக்கிழமை முதல் ஊசி. இந்த மருந்தில் ஒரு விபரீதம் உண்டு. ரத்தக் குழாய்க்குள்தான் போகவேண்டும். ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் சுற்றியுள்ள சதை வெந்து புண்ணாகிவிடும். அதனால் நாய் அசையக்கூடாது. மணியின் தலையை மார்போடு அணைத்துப் பிடிப்பது என் வேலை. அவன் இதயம் என் உள்ளங்கையில் துடித்தது. என் இதயம் அதைவிட வேகமாகத் துடித்ததை அவன் கேட்டிருப்பான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் வாந்தி. கஞ்சி வேண்டாம், சாளைமீன் தலை வேண்டாம். ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று நாளைக்கு அவன் மூத்திரத்தையும் வாந்தியையும் வெறுங்கையால் தொடக்கூடாது, குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டு, சாம்பலும் வாரியலுமாக நான் முற்றத்தில் நிற்பதை என் வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம். வாரியலை நீங்க தொட்டு இன்னிக்குத்தான் பாக்கேன்" என்றாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணு மிகவும் குறைந்திருந்தால் ஊசி தள்ளிப்போகும். அந்தச் சமயத்தில் வேறு நோய் எதுவும் தொற்றினால் தாங்கமாட்டான். "நனைய விடாதீங்க, குளிர விடாதீங்க, தெருநாயோட சேரவிடாதீங்க" என்பது உத்தரவு. தொழுவத்தில் சாக்கு விரித்துத் தனியிடம் ஒதுக்கினேன். வீட்டுக்குள்தான் சட்டம் இருக்கிறதே.

இரண்டாவது ஊசிக்கு ரத்தச் சொட்டு நின்றது. மூன்றாவதில் கோழிமுட்டை புளியங்கொட்டையானது. நாலாவது ஊசி நவம்பர் 25. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் இரண்டே இரண்டு ஸார். நடுவிலே நிறுத்திடாதீங்க. கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் இருந்தாலும் திரும்ப வந்துரும்." வழக்கமாகப் போகும் கடையில் கடைசி இரண்டு குப்பியையும் சேர்த்து வாங்கி, வீட்டு ஃப்ரிட்ஜில் அம்மையின் இன்சுலினுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் சில்லென்று இருக்கவேண்டிய மருந்து.

இதைக் கேட்டு அம்மை ஒரு நாள் மெல்ல விசாரித்தாள். "சுடுகாட்டுப்பூவிலேயா இந்த மருந்து?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பம் அது சுடுகாட்டிலே நிக்கது, வாறவனைத் திருப்பி அனுப்பத்தான் போல."

நவம்பர் 29 ராத்திரியே மழை பிடித்துவிட்டது. 30, வியாழக்கிழமை விடிவதற்குள் காற்று. ஒக்கிப் புயல். வங்காள மொழியில் அதற்குக் 'கண்' என்று அர்த்தமாம். அந்தக் கண் எங்கள் மாவட்டத்தைப் பார்த்த பார்வையை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். வாழைத் தோட்டங்கள் படுத்தன. ரப்பர் மரங்கள் முறிந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. செல்போன் செத்தது. ஓடு பறக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை.

அப்போது பின்பக்கம் ஒரு பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். தென்னை ஒன்று தொழுவத்தின்மேல் குறுக்கே விழுந்து கிடந்தது. மணி படுத்திருந்த இடத்தில் ஓலையும் ஓடும் சாக்கும்.

பசுவை முந்தின நாளே அண்ணன் வீட்டுத் தொழுவத்துக்கு மாற்றியிருந்தோம். மணியை? 'ராத்திரி மட்டும் உள்ளே விடட்டுமா' என்று அம்மையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. இப்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

ஓலையைப் புரட்டினேன். இல்லை. கட்டிப்போடவில்லையே, எங்காவது ஓடியிருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நான் கூப்பிட்டேன். வீட்டுக்காரி கூப்பிட்டாள். மகன் (பன்னிரண்டு வயது, பெரிய ஆள்!) அழுதுகொண்டே கூப்பிட்டான். மழைக்குள்ளிருந்து ஒரு பதிலும் இல்லை. நாலு ஊசி போட்ட உடம்பு. நனையக்கூடாத உடம்பு.

அப்போது அம்மை படிப்புரையில் வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு கையையும் வாயருகே வைத்து, மழையைப் பார்த்து ஓங்கிக் கூப்பிட்டாள்:

"மணீ...! ஏ மணீ...! வாடே!"

எனக்குப் புயல் நின்றுபோனமாதிரி இருந்தது.

டப், டப், டப் என்று ஒரு சத்தம். மழைக்குள்ளிருந்து இல்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து! வீட்டுக்குள், நெல் பத்தாயத்துக்கு அடியில் ஒரு வால் தரையை அடித்துக்கொண்டிருந்தது. எப்போது, எந்த வாசல் வழியாக வந்தானோ! ராத்திரியே புறவாசல் வழியாக நுழைந்து, சத்தம் காட்டாமல் பதுங்கியிருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் தொண்டை கிழியக் கூப்பிட்டும் அவன் வராத காரணம் அப்போதுதான் புரிந்தது. செய்திருப்பது குற்றம். சட்டம் போட்டவள் கூப்பிடாமல் எப்படி வெளியே வருவான்?

அம்மை அவனைப் பார்த்தாள். நாங்கள் அம்மையைப் பார்த்தோம்.

"கெடக்கட்டு. வெளியே மழையில்லா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். கண்ணைத் துடைத்தாளா என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை.

அடுத்த கவலை ஃப்ரிட்ஜ். மின்சாரம் இன்றைக்கோ நாளைக்கோ வரும் என்று யாரும் நம்பவில்லை. (எங்கள் ஊருக்கு வர எட்டு நாள் ஆனது.) அம்மையின் இன்சுலின், மணியின் இரண்டு குப்பி. உள்ளே மிச்சமிருந்த ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, வாயகன்ற பிளாஸ்க்கில் போட்டு, மருந்துகளை ஐஸில் படாமல் உறையிட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். சைக்கிள் என்னைச் சுமந்த தூரம் கொஞ்சம். விழுந்த மரங்களுக்குமேல் நான் அதைச் சுமந்ததுதான் அதிகம்.

மெடிக்கல் ஸ்டோரில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கூட்டம். எல்லோர் கையிலும் பிளாஸ்க்கோ, தூக்குவாளியோ, ஐஸ் வைத்த பையோ. டவுன் இன்சுலினெல்லாம் அந்த ஒரு ஃப்ரிட்ஜில்! கடைக்காரர் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள். கடற்கரை ஊர். கழுத்தில் ஜெபமாலை. கையில் இன்சுலின் டப்பா. மகன் வள்ளத்தில் போயிருக்கிறானாம். "விளி ஒண்ணும் வல்ல மக்களே" என்று யாரைப் பார்த்தும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்கு யாருக்கு மருந்து?" என்றாள்.

"அம்மைக்கு. அப்புறம்... வீட்டிலே இன்னொருத்தனுக்கு."

"எல்லாம் சொகமாவும். மாதா காப்பாத்துவா."

அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். ஒரு பெற்றவளின் பிள்ளை கடலில் கிடக்கிறான். நான் நாய் மருந்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த வாரம் கடலோர ஊர்களில் எழுந்த அழுகையும், டிசம்பர் 7ல் குழித்துறை ரயில் நிலையத்தில் மீனவ மக்கள் உட்கார்ந்து நியாயம் கேட்டதும் நாடே அறியும். திரும்பி வராதவர்கள் பலர். அந்த அம்மாளின் மகன் வந்தானா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

என் முறை வந்தது. கடைக்காரர் பிளாஸ்க்கைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்திருக்கவேண்டும். இன்சுலினையும் இரண்டு குப்பியையும் ஒரே டப்பாவில் போட்டு, சீட்டில் எழுதினார்: 'அம்மை, மணி - ஒரே வீடு'.

ஐந்தாவது ஊசி இரண்டு நாள் தள்ளி, டிசம்பர் 4, திங்கட்கிழமை. கரண்ட் இல்லை. ஜன்னலோரம் மேஜையைத் தள்ளிப் போட்டு, பகல் வெளிச்சத்தில் டாக்டரம்மா குழாயைத் தேடினார். மணி தானாகவே முன்னங்காலை நீட்டினான். ஐந்து தடவை குத்துப்பட்ட கால்! நான் பிடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டேன். எனக்காக.

டிசம்பர் 11, ஆறாவது ஊசி. ஜனவரியில் மறுபரிசோதனை. கட்டி இருந்த இடம் தெரியவில்லை. உடம்பு தேறியதும் இனி தெருச்சுற்றல் வேண்டாமென்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துவிட்டோம். இந்த நோயைப் பரவாமல் தடுக்க அதுதான் சுலபமான வழி என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது மனதில் வைத்துக்கொண்டால், நான் இவ்வளவு எழுதியதற்குப் பிரயோஜனம் உண்டு.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ராத்திரி பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்தார். வழக்கமான கம்பீரம் இல்லை. தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, காதோரம் குனிந்தார்.

"எடே... நம்ம டைகருக்கும் அதே எடத்திலே என்னமோ தொங்குது. உனக்க அந்த ஆறு ஊசி டாக்டரு எங்க இருக்கா?"

"ஒரு ஊசியிலே முடிச்சிரலாமே சித்தப்பா" என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சனிக்கிழமை ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். டைகரின் தலையைப் பிடிக்க அனுபவசாலி வேண்டுமே! டைகருக்கு ஐந்து ஊசியிலேயே சரியாகிவிட்டது. அதில் சித்தப்பாவுக்கு ஒரு பெருமை.

மணி இன்னும் ஆறு வருஷம் எங்களோடு இருந்தான். பத்தாயத்துக்கு அடியில்தான் படுக்கை. சட்டங்களில் இரண்டாவது ஒழிந்தது. முதலாவதும் ஒழிந்தது. "ஒரு தடவை சொல்லியாச்சு. இனி மறைச்சு என்ன?" என்று அம்மையே சொல்லிவிட்டாள். கூடவே, "அவரு இருந்தாலும் நாயை நனையவிடச் சொல்லமாட்டாரு" என்றாள். அவளாக அப்பாவைப்பற்றிப் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

2023 கடைசியில் ஒரு விடியற்காலை மணி எழுந்திருக்கவில்லை. நோயில்லை, வயசு. பன்னிரண்டு ஆகியிருந்தது. விழுந்த தென்னை நின்ற இடத்தில் குழி வெட்டினோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. சண்டையில் செத்த வீரனின் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோவிவன் என்று பெயர். திருடர்களைக் கடித்த நாய். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே நாய்க்குக் கல் வைத்த தேசம் இது. நாங்கள் கல் ஒன்றும் வைக்கவில்லை. மணி திருடனைக் கடித்தவனும் இல்லை. தூங்குகிறபோது திருடன் வந்தால் வாலாட்டியிருப்பான்.

அடுத்த மழைக்கு அந்த மண்ணில் ஒரு நித்யகல்யாணி தானாக முளைத்தது. முற்றம் தூத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, பழக்கதோஷத்தில் அதைப் பிடுங்கக் குனிந்தாள்.

படிப்புரையிலிருந்து அம்மையின் குரல் வந்தது.

"எட்டி, அதைத் தொடாத. அது மணிக்க பூவாக்கும்."